கோடியக்கரைப் புகலிடமும் குடிபுகுந்த குதிரைகளும்

விலங்குகளைக் காண விரும்பாத இளைஞர் இலர். கூண்டில் அடைபட்ட புலியைக் கண்டு மகிழும் பருவம் கடந்தபின், அதனைத் தன் மனம்போல் உலவும் இடத்திற் காணவேண்டும் என்னும் அவா எழுகின்றது. அவ்வவா நல்லதே. ஆயினும், கட்டவிழ்த்து விடப்பட்ட விலங்கெல்லாம் காட்டு விலங்காகிவிடுமோ? வேற்று நாட்டிலிருந்து வந்த விலங்கு ஒன்றைத் திறந்த வெளியில் விட்டுவிடுதல் அதற்கும் அந்நிலத்திற்கும் நன்மை செய்வதாகுமோ? இவ்வினாக்களுக்கு விடை காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டையிலிருந்து காலையிற் புறப்பட்டு நண்பகலுக்கு முன் சென்றடையக்கூடிய கோடியக்கரையே இதற்கேற்ற பாடசாலையாகும்.

விலங்குகளை உலவவிட்டுக் காட்டும் வழக்கம் மிகப் பழையதன்று. செருமனி நாட்டில் ஆம்பர்கு நகரை அடுத்த சிடெல்லிங்கன் என்னுமிடத்தில், காரல் ஆகன்பெக்கு என்பார் 1907-ஆம் ஆண்டில் ஒரு விலங்குப் பூங்காவைத் திறந்தார். இரும்புக் கம்பிகளுக்கு மாறாக, பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத அகழிகளை அவர் அமைத்தார். இங்கிலாந்தில் 1931-இல் விப்சினேடு பூங்கா திறக்கப்பட்டபோது, அகன்ற புல்வெளியில் விலங்குகள் மேய்வதை மக்கள் கண்டனர். நம் நாட்டிலும், சென்னையில் 1855-இல் தோன்றிய விலங்குக் காட்சிச்சாலை 1985-இல் வண்டலூரின் அகன்ற பரப்பிற்குப் பெயர்ந்தது. இப்பூங்காக்களில் விலங்கிற்கு உலவும் உரிமை உண்டெனினும், அதன் பின்னால் மனிதன் கணக்கேட்டுடன் நிற்கின்றான். அவன் உணவை அளந்து இடுகின்றான், பிணி தீர்க்கின்றான், குட்டிகளின் தொகையையும் வரையறுக்கின்றான். அவ்வாறு நிற்பவர் ஒருவரும் இன்றி, வேற்று விலங்கு தானே பெருகிய இடம் எவ்வாறிருக்கும் என்பதைக் கோடியக்கரை காட்டுகின்றது. அவ்விலங்கு குதிரை.

குதிரையை வேற்று நாட்டு விலங்கு என்று கூறின் புதுக்கோட்டையார் வியப்புறுவர். ஏனெனில் குதிரையில்லாத ஐயனார் கோயில் எம் மாவட்டத்தில் அரிது. நமணசமுத்திரத்தில் வேளார் வனைந்த சுடுமண் குதிரைகள் வழியின் இருமருங்கும் அணிவகுத்து நிற்கின்றன. குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட ஐயனார் திருமுன்னர், முப்பது அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள சுதைக்குதிரை ஒன்று முன்னங்காலைத் தூக்கி நிற்கின்றது. மாசி மகத்தன்று அதன் கழுத்தில் அடியார்கள் சாத்தும் காகித மாலைகள் மலைபோற் குவிகின்றன. இத்துணை உரிமையோடு போற்றப்பெறும் விலங்கு நம் நிலத்திற் பிறந்ததன்று. குதிரையின் தாயகம் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரந்துகிடக்கும் புல்வெளி நாடுகள். அங்குதான் அது மனிதனுக்குப் பணிந்தது. புகார்த் துறைமுகத்திற்குக் கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டி நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் பெரும்பொருள் கொடுத்து ஆண்டுதோறும் குதிரைகளை வாங்கியதையும், தக்க பராமரிப்பின்றி அவற்றுட் பல மாண்டதையும் எழுதிவைத்துள்ளார். விலைகொடுத்து வாங்குதல் எளிது, வாழவைத்தல் அரிது என்னும் உண்மை அன்றே புலனாயிற்று.

குதிரை வாணிகத்தோடு தொடர்புடைய கதை ஒன்றும் எம் மாவட்டத்திற்கு உரியதாக உள்ளது. பாண்டியன் கொடுத்த பொருளோடு குதிரை வாங்கப் புறப்பட்ட வாதவூரர், திருப்பெருந்துறையிற் குருவைக் கண்டு, அப்பொருளை இறைபணியிற் செலவிட்டார் என்பது வரலாறு. அத்திருப்பெருந்துறையே இன்று ஆவுடையார்கோயில் என வழங்குவது. பின்னர்ச் சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிச் சென்றதாகவும், இரவில் அவை மீண்டும் நரிகளாகிப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிக் காட்டிற்கு ஓடியதாகவும் திருவிளையாடற் புராணங் கூறும். நரி பரியான கதையை நாம் சிறுவயதிற் கேட்டிருக்கின்றோம். பரியே காட்டு விலங்கான கதையைக் கோடியக்கரையிற் காணலாம். நரியும் அங்கே உண்டு.

தை மாதத்தில் ஒருநாள் யாம் சிலர் கூடிப் புறப்பட்டோம். ஆலங்குடி, கீரமங்கலம், பேராவூரணி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வழியாக வேதாரணியம் சேர்ந்தோம். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் சென்றால் நிலம் முடிந்து கடல் தொடங்கும் கோடியக்கரை. வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வரும் கரை, இம்முனையில் மேற்கே திரும்பிப் பாக்கு நீரிணையின் ஓரமாக எம் மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், மணமேற்குடிப் பக்கமாகச் செல்கின்றது. ஆதலின் அது எமக்கு அயலூரன்று. ஒரே கடலின் மறுமுனையேயாகும்.

காட்டுள் நுழைந்ததும் யாம் கண்டது பழகிய முகமே. உலக்கைப்பாலை, வீரை, காயா ஆகிய மரங்களும், அவற்றின்மீது படர்ந்த கொடிகளும் நெருங்கிய தாழ்ந்த பசுங்காடு அது. மழை குறைந்த கடற்கரை நிலத்தில் ஆண்டு முழுதும் இலையுதிராது நிற்கும் இவ்வகைக் காட்டை உலர் பசுமைக்காடு என்பர். புதுக்கோட்டைச் சீமையில் ஐயனார் கோயிற்காடுகளாகத் துண்டு துண்டாக எஞ்சி நிற்பதும் இதே வகைக் காடுதான். ஆங்கே சாமிக்கு அஞ்சி மக்கள் விறகொடியாமையால் அது பிழைத்தது. ஈங்கே 1967-ஆம் ஆண்டில் வனவிலங்குப் புகலிடம் ஏற்பட்டமையால் காவல் வாய்த்தது. இப்புகலிடத்தையும் இதனைச் சார்ந்த சதுப்பு நிலங்களையும் சேர்த்து, 38,500 எக்டர் பரப்பை, 2002-ஆம் ஆண்டில் இராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாகப் பட்டியலிட்டனர்.

மரங்கள் விலகிப் புல்வெளி விரிந்த இடத்தில் எம் கண்ணிற்கு முதலிற் பட்டவை குதிரைகளே. ஓர் ஆண்குதிரையும் மூன்று பெட்டைகளும் ஒரு குட்டியும் கூடி மேய்ந்துகொண்டிருந்தன. குட்டையான உருவம், காற்றிற் பறக்கும் பிடரிமயிர், கடிவாளமும் சேணமும் அறியாத முதுகு. எங்களுள் இளையோர் மகிழ்ச்சி மிகுந்து, கையிலிருந்த ரொட்டியைக் காட்டி அவற்றை அழைக்கத் தொடங்கினர். உடன்வந்த வனக்காவலர் அவர்களைத் தடுத்து, “தம்பிகளா, தின்பண்டம் காட்டாதீர்கள். இன்றைக்கு நீங்கள் கொடுப்பீர்கள். நாளைக்கு அவை சாலையில் வந்து நிற்கும், வண்டியில் அடிபடும். கொஞ்சம் பொறுங்கள், அதோ அந்தப் புற்றுக்கு அப்பால் பாருங்கள்” என்றார். அவர் காட்டிய திசையிற் பார்த்தோம். புல்லோடு புல்லாக, தலைநிமிர்ந்து, எம்மையே நோக்கி நின்றது ஒரு வெளிமான். அதன் பின்னே பெண்மான்கள் பல. அந்நிலத்திற்கு உரியவர் அவ்வளவு நேரமும் அங்கேயே இருந்திருக்கின்றனர். எம் கண்ணோ விருந்தாளியைக் கண்டு மயங்கி வீட்டுக்காரரைக் காணாது விட்டது.

வெளிமான் என்னும் பெயரே அதன் வாழ்க்கையைக் கூறுகின்றது. அடர்ந்த காட்டை அது விரும்பாது, வெளியையே விரும்பும். குறும்புல் நிறைந்த திறந்த நிலத்தில் தொலைவில் வரும் பகையைக் கண்டு விரைந்தோடுவதே அதன் காப்பு. ஆண்மான் முதிர முதிர மேலே கருமையும் கீழே வெண்மையும் பெற்றுப் பொலிகின்றது. முறுக்கிய இரு கொம்புகள் அதற்கு அணி. பெண்மானுக்குப் பொதுவாகக் கொம்பில்லை. புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும் கிளைக்கொம்பு. வெளிமானின் கொம்போ விழாது, கிளைக்காது. ஆதலின் உயிர்நூலார் இதனை மானினத்திற் சேர்க்காது, மாடு ஆடுகளின் குடும்பத்தில் இரலை எனப் பிரித்து வைப்பர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை மிகுந்த காவலுக்குரிய முதல் அட்டவணையிற் சேர்த்துள்ளது. வீட்டுக்குதிரைக்கு அச்சட்டத்தின் அட்டவணைகளில் இடமில்லை. ஏனெனில் கோடியக்கரைக் குதிரைகள், மனிதர் வளர்த்துப் பின்னர்க் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவையே. பிறப்பால் அவை காட்டு விலங்கல்ல. கேட்பாரற்றமையால் காட்டு விலங்கானவை.

இனி, இவ்விரண்டும் ஒரே புல்லில் மேயும்போது நிகழ்வது யாது? இதனை அறிய அவற்றின் வாயையும் வயிற்றையும் ஆராய்தல் வேண்டும். வெளிமான் அசைபோடும் விலங்கு. அதற்கு மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப் பல் இல்லை. உண்ட புல்லை முதலிரைப்பையில் நுண்ணுயிர்களால் நொதிக்கச் செய்து, மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அரைத்து, அதன் சத்தை நன்கு எடுத்துக்கொள்ளும். குதிரை அசைபோடுவதில்லை. அதன் உணவு நொதிப்பது குடலின் பிற்பகுதியில். ஆதலின் புல்லின் சத்தில் ஒரு பங்கு வீணே கழிகின்றது. அக்குறையை ஈடுசெய்யக் குதிரை மிகுதியாகத் தின்ன வேண்டும். பகலும் இரவும் நெடுநேரம் மேய வேண்டும். மேலும், இரு தாடைகளிலும் வெட்டுப் பற்கள் உள்ளமையால், புல்லை நிலத்தோடு ஒட்டக் கத்தரித்துவிட வல்லது. ஒரு மட்டக்குதிரையின் எடை நான்கைந்து வெளிமான்களின் எடைக்குக் குறையாது. ஒரு குதிரை மேய்ந்த வெளியில் எத்தனை மான்களின் உணவு போயிற்று என்பதை மாணவர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நீரைப் பற்றியும் கூறவேண்டும். மூன்று புறமும் உப்புநீர் சூழ்ந்த இம்முனையில், வடகிழக்குப் பருவமழை தரும் நன்னீரே ஆண்டு முழுமைக்கும் ஆதாரம். பங்குனி, சித்திரையில் குட்டைகள் வற்றுகின்றன. அப்பொழுது எஞ்சிய சிறு நீர்நிலையை உருவிற் பெரியது முதலிற் கைக்கொள்ளும். சிறியது ஒதுங்கிக் காத்து நிற்கும். வேறு காடுகளில் இத்தகைய பெருக்கத்தைப் புலியோ சிறுத்தையோ மட்டுப்படுத்தும். கோடியக்கரையில் அவை இல்லை. உள்ள கொன்றுண்ணி நரி ஒன்றே. நரியால் வளர்ந்த குதிரையை வீழ்த்த இயலாது. அது நாடுவது மான்கன்றையே. புராணத்தில் நரி பரியைக் கடித்தது. ஈண்டோ பரியை விட்டு மானைக் கடிக்கின்றது. இவ்வாறு மேய்ச்சலிற் குதிரையாலும் கன்றில் நரியாலும் இழப்பவர், அந்நிலத்தின் பழங்குடிகளாகிய வெளிமான்களே.

மற்றொரு வேற்று நாட்டுக் குடியும் உண்டு. அதனைப் புதுக்கோட்டையார்க்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. அதுவே சீமைக்கருவேல். அமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட அம்மரம், நம் கண்மாய்க்கரைகளைக் கவர்ந்தவாறே கோடியக்கரைப் புல்வெளியையும் கவர்ந்து வருகின்றது. அதன் இனிய நெற்றுக்களைக் குதிரை விரும்பி உண்கின்றது. வன்மையான விதைகள் செரியாது சாணத்தோடு வெளிப்பட்டு, எருவோடு கூடிய பாத்தியில் விழுந்ததுபோல் முளைக்கின்றன. முள்மரம் பெருகப் பெருக வெளி சுருங்குகின்றது. வெளி சுருங்கின் வெளிமான் எங்கே செல்லும்? வந்த மரத்திற்கு வந்த விலங்கு விதைப்பாளனாயிற்று. இரண்டையும் கொணர்ந்தவன் மனிதன்.

அயலிலிருந்து வந்தன எல்லாம் தீயன என்று இதனால் முடிவுகட்டுதல் தகாது. அன்று மாலை உப்பங்கழியின் ஓரத்தில் பூநாரைகள் செந்நிறச் சிறகு விரித்து எழுந்ததைக் கண்டோம். உள்ளான் முதலிய சிறு பறவைகள், வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வந்தவை, சேற்றில் இரைதேடி ஓடின. அவையும் தொலைநாட்டினவே. ஆயின் அவை தம் சிறகால் வந்தன. நிலமும் பறவையும் எண்ணற்ற தலைமுறைகளாக ஒன்றற்கொன்று பழகியுள்ளன. பருவம் மாறியதும் மீண்டு செல்லும். விருந்து என்பது அதுவே. குதிரையோ தானாக வரவில்லை. திரும்பிச் செல்ல அதற்கு வழியுமில்லை. ஆகவே, ஒரு விலங்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டல் போதாது. எவ்வாறு வந்தது, அதன் தொகையைக் கட்டுப்படுத்துவது எது என்றும் கேட்டல் வேண்டும்.

அங்ஙனமாயின் குதிரையைக் குற்றவாளியாக்கி விரட்டிவிடலாமோ எனின், அதுவும் நீதியாகாது. கோடைக்காலத்தில் அவற்றின் விலாவெலும்புகள் வெளித்தோன்றுகின்றன. காலொடிந்த குதிரைக்குக் கட்டுப்போட எசமான் இல்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கசாப்புயல் வேதாரணியத்தின் அருகே கரையேறியபோது, எம் ஆலங்குடி, கீரமங்கலப் பகுதிகளில் தென்னந்தோப்புக்கள் வேரோடு சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. அப்புயல் முதலில் மோதிய கோடியக்கரைக் காட்டிலும் மரங்கள் முறிந்தன; மான்களும் குதிரைகளும் மாண்டன. கொட்டிலுள்ள குதிரைக்கு ஒருவன் ஓடிவருவான். கைவிடப்பட்ட குதிரைக்கு யார் வருவர்? நாம் விடுதலை என்று கண்டு மகிழ்ந்தது, உண்மையில் மனிதன் தன் கடனைக் கைகழுவியதன் விளைவே.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவிற் பழங்காலத்துக் குதிரையினம் ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் அற்றொழிந்தது, பதினாறாம் நூற்றாண்டில் இசுப்பானியர் மீண்டும் குதிரையைக் கொணர்ந்தனர், தப்பியோடியவை பெருங்கூட்டங்களாயின. 1971-இல் அவற்றைக் காக்கச் சட்டம் இயற்றினர். காத்தமையாற் பெருகின, பெருகினவற்றைப் பிடித்துப் பட்டிகளில் அடைத்துப் பல்லாயிரக்கணக்கிற் பேண வேண்டியதாயிற்று. அந்நாட்டுக் கிழக்குக் கரையில் அசட்டீக்கு என்னும் தீவு உண்டு. மணலும் உப்புச் சதுப்பும் மட்டக்குதிரைகளும் கொண்ட, கோடியக்கரைக்கு உடன்பிறப்புப் போன்ற இடம். அத்தீவில் மேரிலாந்துப் பகுதிக் குதிரைகளுக்கு 1994 முதல் கருத்தடை ஊசி மருந்து செலுத்தித் தொகையை அளவில் நிறுத்துகின்றனர். வர்சீனியாப் பகுதியில் ஆண்டுதோறும் சூலைத் திங்களிற் குட்டிகளை ஏலமிட்டு, வளர்க்க வல்லார்க்குக் கொடுக்கின்றனர். எவ்வழியைக் கொண்டாலும் கொல்லாமலே குறைக்கலாம் என்பதும், ஆண்டு தவறாது எண்ணிக் கணக்கெடுத்தாலன்றி எவ்வழியும் பயன்தராது என்பதும் இவற்றால் விளங்கும்.

கோடியக்கரைக்கும் இவ்விரண்டு வழிகளும் கருதத்தக்கன. ஆண்குதிரைகட்கு மலடாக்கும் மருத்துவம் செய்து பெருக்கத்தைத் தடுத்தலும், குட்டிகளைப் பேணக்கூடியவரிடம் சேர்த்தலும், சீமைக்கருவேலை வேரோடு அகற்றிப் புல்வெளியை மீட்டலும் ஒருங்கே நடைபெற வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால், மேய்ச்சல் மிகுந்து குதிரை பெருகும். அன்றேல் குதிரை குறைந்தும் முள் பெருகும். இவை அரசினர் செய்யற்பாலன என்று நாம் வாளாவிருத்தலும் கூடாது. குதிரையை முதலிற் கைவிட்டது அரசன்று, வீட்டுக்காரன். தெருவில் விடப்பட்ட நாய்க்குட்டி, குளத்திற் கொட்டப்பட்ட வேற்று நாட்டு மீன், கூட்டைத் திறந்து பறக்கவிட்ட அயல்நாட்டுக் கிளி ஆகியவற்றின் கதையும் இதுவே.

ஏதேன் தோட்டத்தில் ஆதாமை வைத்த கடவுள், அதனைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார் என்று மறைநூல் கூறுகின்றது. விலங்குகளுக்குப் பெயரிடும் உரிமை அக்கடமைக்குப் பின்னரே அவனுக்குக் கிடைத்தது. கடமையை மறந்து உரிமையை மட்டும் கொண்டாடுவதே நம் குற்றம்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! கோடியக்கரைக்குச் செல்லுங்கள். கார்த்திகை முதல் மாசி வரையுள்ள காலத்திற் சென்றால், பறவைகளையும் விலங்குகளையும் ஒருங்கே காணலாம். உணவு காட்டி விலங்கை அழையாதீர்கள், சத்தமிட்டு ஓட்டாதீர்கள். குதிரையைக் கண்டால் அதன் அழகைக் கண்டு மகிழுங்கள். அதற்கு எசமான் எங்கே என்றும் எண்ணுங்கள். பின்னர்ச் சற்றே பொறுத்து, புற்றுக்கு அப்பால் நோக்குங்கள். திரும்பும் வழியிற் குளமங்கலத்தில் இறங்கி, அச்சுதைக்குதிரையின் நிழலிற் சிறிது நின்று வாருங்கள். யாமும் அவ்வாறே நின்றோம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாகாது என்பது பழமொழி. ஆயினும் அம்மண்குதிரை யாதொரு மானின் புல்லையும் மேய்ந்ததில்லை. கோயிற்காட்டின் ஒரு கொம்பையும் ஒடித்ததில்லை. உயிருள்ள குதிரையை வேண்டுவோன், அதன் உயிர் உள்ளளவும் அதற்குப் புல்லும் நீரும் பொறுப்பும் தரக் கடவன். தர இயலாதவன் மண்குதிரையோடு அமைந்துவிடுதல் அறம்.